மூலைக்கு எது? செதுக்குக்கல்லா, செங்கல்லா, பில்லரா, ஒட்டுக்கல்லா?

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் நிலத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டினோம். முதல் லோடு கல் இறங்கியதும் கொத்தனார் கலவை போடக்கூடச் சொல்லவில்லை. குவியலை இரண்டு முறை சுற்றி வந்தார். நீளமாகவும், இரண்டு பக்கம் ஓரளவு செங்குத்தாகவும் உடைந்திருந்த கற்களை மட்டும் காட்டி, "இதெல்லாம் தனியா ஒதுக்கு. ஒண்ணுகூட நடுவுல போகக் கூடாது" என்று சித்தாளிடம் சொன்னார். நல்ல கல்லையெல்லாம் ஓரம் கட்டிவிட்டுக் கோணல்மாணல் கல்லில் வேலையைத் தொடங்குகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அவர் ஒதுக்கியது நான்கு மூலைக்கும் கேட் ஓரத்துக்கும் என்பது அன்று மாலைதான் புரிந்தது.

அப்படியும் மூன்று மூலையோடு நல்ல கல் தீர்ந்துவிட்டது. நாலாவது மூலையைச் செங்கல்லில் முடித்தோம். பக்கத்து நிலத்துக்காரர் நான்கு மூலையிலும் கான்கிரீட் பில்லர் நிறுத்தி நடுவில் கல் கட்டியிருக்கிறார். ஊருக்குள் உறவினர் ஒருவர் வீட்டு மூலைகளில் ஒட்டுக்கல், அதாவது பசையால் ஒட்டிய மெல்லிய கல் பலகை. ஆக, நான்கு வழியும் ஒரே வட்டாரத்தில், ஒரே வெயில் மழையில் என் கண்முன்னே நிற்கின்றன. சில வருஷமாகப் பார்த்து வந்ததில் என் கணக்கு என்ன என்பதுதான் இந்த அலசல். (பூஜை போட்டு, பெயர் பொறித்து வைக்கும் அடிக்கல் வேறு. அது நினைவுக்காக வைப்பது. நான் சொல்வது சுவர் திரும்பும் இடத்தில் அடியிலிருந்து உச்சி வரை வரிசையாக ஏறும் மூலைக்கற்களை.)

மூலையில் அப்படி என்ன சிக்கல்? நேராக ஓடும் சுவரில் ஒரு கல்லை இடமும் வலமும் அண்டைக் கற்கள் பிடித்துக்கொள்கின்றன. மூலைக்கல்லுக்கு இரண்டு முகம் வெளியே இருக்கும், பிடிக்க ஆள் குறைவு. போதாததற்கு, அங்கே சந்திக்கும் இரண்டு சுவர்களும் ஆளுக்கொரு திசையில் அசையப் பார்ப்பவை. மண் இறங்கினாலும் சரி, நிலம் அதிர்ந்தாலும் சரி, பெரும்பாலும் விரிசல் மூலையை ஒட்டிச் செங்குத்தாகத்தான் கிளம்பும். அதனால் மூலையில் இருக்கும் பொருள் இரண்டு சுவருக்குள்ளும் கை நீட்டியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அழகு அப்புறம்.

செதுக்கிய கருங்கல் மூலை இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஒரு வரியில் கல்லின் நீளம் கிழக்குச் சுவரோடு படுக்கும், அடுத்த வரியில் தெற்குச் சுவரோடு. இப்படி மாற்றி மாற்றி ஏறும்போது இரண்டு கையின் விரல்களைக் கோத்ததுபோல் சுவர்கள் பின்னிக்கொள்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் நீளம், குட்டை, நீளம், குட்டை என்று ஒரு படிக்கட்டு ஓரம் தெரியும். ஊர் உலகமெல்லாம் மூலை அலங்காரம் என்று பூசியும் வரைந்தும் காட்டுவது இந்தப் பின்னலைத்தான். அலங்காரம் என்று தனியாக யாரும் யோசித்துச் செய்ததல்ல, வேலையைச் சரியாகச் செய்தால் தானாக வந்து நிற்கும் கோலம் அது.

சிரமம் எடையில்தான். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள ஒரு கருங்கல் ஏறக்குறைய 95 கிலோ வரும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, கலவைமேல் நகர்த்தி, தூக்குக்குண்டு பார்த்து, மூலைமட்டம் வைத்து உட்கார வைக்க வேண்டும். தப்பாக உட்கார்ந்தால் மறுபடி தூக்க யாருக்கும் மனசு வராது. உளி வேலை தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். எங்கள் ஆள் ஒரு மூலையை மூன்று வரி ஏற்ற அரைநாள் எடுத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஏற்றி வைத்த இரண்டு மூலைகளுக்கு நடுவே நூல் பிடித்தால் போதும், மற்றவர்கள் அந்த நூலைப் பார்த்துக் கட்டிக்கொண்டே போகலாம். மூலை சாய்ந்திருந்தால் நூலும் சாயும், நூல் சாய்ந்தால் சுவர் முழுக்கச் சாயும். கூலியைக் கணக்குப் போடும்போது இந்தப் பலனையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

கோயில்களில் இது வேறொரு தளத்துக்குப் போய்விடுகிறது. எந்தக் கருங்கல் கோயிலிலும் அதிட்டானத்தை, அதாவது சுவருக்கு அடியிலுள்ள பீடத்தை, சுற்றி நடந்து பாருங்கள். குமுதம், கபோதம் எனப்படும் புடைப்பு வரிகள் மூலையில் திரும்பும் இடத்தில், இணைப்பு பெரும்பாலும் அந்தக் கூர்விளிம்பில் விழாது. ஒரே கல்லில் இரண்டு பக்கமும் அந்த வரியைத் திருப்பிச் செதுக்கி, இணைப்பைச் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள். விளிம்பில் இணைப்பு வந்தால் இரண்டு மெல்லிய ஓரங்கள் முட்டும், முதலில் உதிர்வது அதுதான். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் தொங்கும் கல்சங்கிலியைப் படம் பிடிக்காதவர்கள் குறைவு. ஒரே கல்லில் வளையம் வளையமாகக் குடைந்தது. வளையங்களைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அதைத் தாங்கும் கூரை மூலைக்கல்லைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

நீளக்கல்லை மூலைக்கு ஒதுக்குவது வெறும் தொழில் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தேதி: 30 செப்டம்பர் 1993. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரியை மையமாகக் கொண்ட நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தங்கள் கல்வீட்டுச் சுவர்களுக்கு அடியிலேயே புதைந்தார்கள். அந்தச் சுவர்கள் மிகத் தடிமனானவை. ஆனால் உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவில் சில்லும் மண்ணும். இரண்டையும் ஊடுருவிப் பிடிக்கும் கல் இல்லை. குலுங்கியதும் முகங்கள் பிரிந்தன, மூலைகள் திறந்தன. இப்படிப்பட்ட கட்டுகளுக்கு வழிகாட்டும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13828 சொல்வது எளிமையானது: சுவரின் முழுத் தடிமனுக்கும் நீளும் கல்லை உயரவாக்கில் 60 செ.மீ.க்கு ஒன்றாகவும், கிடைவாக்கில் 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியிலும் வைக்க வேண்டும். மூலையிலும் சுவர்கள் சேரும் இடத்திலும் செங்குத்து இணைப்பு ஒரே கோடாக ஓடாதபடி நீளமான பிணைப்பு வேண்டும். நீளக்கல் கிடைக்காவிட்டால் கம்பியோ, மரமோ, கம்பி வைத்த சிறு கான்கிரீட் கட்டையோ போடலாம் என்றும் அதில் இருக்கிறது. அதாவது, கல்தான் வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு இல்லை.

இமாச்சலப் பிரதேசத்தில் இதை மரத்தில் செய்திருக்கிறார்கள். காத்-குனி என்று பெயர். காத் என்றால் மரம், குனி என்றால் மூலை, பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. தேவதாரு உத்திரங்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படுக்கும், இடையில் கலவை இல்லாமல் கல் அடுக்கப்படும். 1905 காங்ரா நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற நக்கர் கோட்டை இந்த முறையில் கட்டியது.

இங்கிருந்து பக்கத்து நிலத்து பில்லருக்கு வருகிறேன். நம் ஊரில் இன்று அதிகம் நம்பப்படும் வழி இது. கம்பி கட்டி, ஷட்டர் அடித்து, நான்கு மூலையிலும் கான்கிரீட் தூணை முதலில் வார்த்துவிடுகிறார்கள். அப்புறம் தூணுக்கும் தூணுக்கும் நடுவே கல் கட்டுகிறார்கள். தூண் தனியாக நல்ல பலம்தான். கல் சுவர் அதன் பக்கவாட்டில் வந்து முட்டி நிற்கிறது, அவ்வளவே. உள்ளே நுழையவில்லை. தூணுக்கும் கல்லுக்கும் இடையே அடியிலிருந்து உச்சி வரை ஒரே நேர்க்கோடு இணைப்பு. எது வரக்கூடாது என்று பழைய கொத்தனார் மாற்றி மாற்றி அடுக்கினாரோ, அதை நாமே காசு கொடுத்து வார்த்து வைத்திருக்கிறோம். பக்கத்து நிலத்துக்காரர் சுவரில் இரண்டாவது கோடையிலேயே அந்தக் கோட்டில் மயிரிழை விரிசல். மூன்று முறை சிமென்ட் அடைத்துவிட்டார், மூன்று முறையும் திரும்ப வந்துவிட்டது.

கான்கிரீட்டைக் குறை சொல்லவில்லை, செய்யும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் சுவரைக் கட்டி, மூலையில் கற்களைப் பல் பல்லாக நீட்டியும் உள்வாங்கியும் விட்டு, நடுவில் கம்பியை நிறுத்தி, அந்தப் பற்களுக்குள்ளே கான்கிரீட்டை ஊற்றினால் கதையே வேறு. கான்கிரீட் கல்லைக் கவ்விக்கொள்ளும். கட்டிய சுவரைத் தூண்களாலும் பட்டைகளாலும் இறுக்கும் கட்டுமுறை உலகில் பல நாடுகளில் இதே வரிசையில்தான் நடக்கிறது. "முதல்ல பில்லர் நிறுத்திட்டா நமக்கு ஈஸி சார்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், யாருக்கு ஈஸி என்று கேளுங்கள். அப்படியும் தூண்தான் முதலில் என்றால், வார்க்கும்போதே தூணிலிருந்து கம்பிகளைச் சுவர்ப் பக்கம் நீட்டி வைக்கவாவது சொல்லுங்கள். கடற்கரை ஓரம் என்றால் கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் போதுமான அளவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கருங்கல் துருப்பிடிக்காது, கம்பி பிடிக்கும்.

செங்கல் மூலை பற்றி நான் தப்பாக நினைத்திருந்தேன். கல் தீர்ந்ததால் வந்த சமாளிப்பு என்று முகம் சுளித்தேன். பிறகுதான் தெரிந்தது, இங்கிலாந்தின் நார்ஃபோக், சசெக்ஸ் பக்கங்களில் இதுவே ஒரு மரபு. அங்கே கிடைப்பது ஃபிளின்ட் எனப்படும் சிக்கிமுக்கிக் கல், உருண்டை உருண்டையாக. அதில் நேரான மூலை எடுக்க முடியாது. எனவே சுவர் முழுக்க ஃபிளின்ட், மூலைக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் மட்டும் செங்கல் என்று வீடுகளைக் கட்டினார்கள். சாம்பலும் சிவப்புமாகப் பார்க்கவும் நன்றாக இருக்கும். நார்ஃபோக்கில் பழைய தேவாலயங்கள் பலவற்றின் கோபுரங்கள் வட்டமானவை. மூலைக்கு ஏற்ற கல் இல்லாததால் மூலையே இல்லாமல் கட்டிவிட்டார்கள் என்று ஒரு சாராரின் கருத்து.

செங்கல்லின் வசதி, அது பிறக்கும்போதே செங்கோணத்தோடு பிறக்கிறது. உளி வேண்டாம், ஒரே ஆள் தூக்கலாம். மூன்று வரி நீளமாக, மூன்று வரி குட்டையாகக் கல்லுக்குள் பல் விட்டுக் கட்டினால் பிணைப்பும் கிடைக்கிறது. ஆறடிச் சுற்றுச்சுவருக்கு இது தாராளம். குறைகளும் உண்டு. தரையை ஒட்டிய வரிகள் ஈரம் உறிஞ்சி உப்புப் பூக்கும். வண்டி உரசினால் முனை சிதறும். அதனால் கீழே இரண்டடி கல்லாகவே ஏற்றிவிட்டு அதற்குமேல் செங்கல்லுக்குப் போவது நல்லது. நாங்கள் அதைச் செய்யவில்லை, எங்கள் நாலாவது மூலையின் அடி இப்போது பொரிந்து நிற்கிறது. மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவருக்கு இந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒட்டுக்கல். செங்கல் சுவர்மேல் இரண்டு மூன்று செ.மீ. தடிமன் கல் பலகையைப் பசையால் ஒட்டுவது. பாரம் தாங்க இதைக் கொண்டுவந்து நிறுத்துவதே நியாயமில்லை, இது உடுப்பு. கான்கிரீட் சட்டகம் சுமையைத் தாங்கும் வீட்டில் மூலைக்கு உடுப்பு மட்டும் போதும் என்றால் அதில் தவறில்லை. மூலையைப் பொய்யாகக் காட்டுவது நேற்று வந்த பழக்கமும் அல்ல. மாமல்லபுரத்து ரதங்கள் ஒவ்வொன்றும் குன்றிலிருந்து குடைந்தெடுத்த ஒற்றைக்கல். அதில் எந்தக் கல்லும் எந்தக் கல்லையும் தாங்கவில்லை. ஆனாலும் 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி சுவரில் அரைத்தூண்களை நிறுத்தி, மேலே தளத்துக்குத் தளம் மூலையில் கர்ணகூடம் என்ற குட்டிக் கோயில் வடிவத்தை வைத்திருக்கிறார். ஜார்ஜ் வாஷிங்டன் தன் மவுண்ட் வெர்னன் வீட்டில் பைன் மரப்பலகையைக் கல்போல் சரித்துச் சீவி, ஈரப் பெயின்ட்மேல் மணலைத் தூவிக் கல்வீடு என்று காட்டினார். மல்லைச் சிற்பியோடு இவரைச் சேர்த்துப் பேசுவது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் இருவருக்குமே உண்மையான மூலை எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது.

இன்று ஒட்டுபவர்கள் பலருக்கு அது தெரியவில்லை என்பதுதான் என் புகார். உறவினர் வீட்டில் எல்லாக் கல்லும் ஒரே அளவு. மூலைக்கு வந்ததும் இரண்டு பலகையின் ஓரத்தையும் 45 டிகிரி சீவி முட்டவிட்டிருக்கிறார்கள். வெளியே நிற்பது கத்தி ஓரம். குழந்தையின் சைக்கிள் இடித்தே இரண்டு இடத்தில் பெயர்ந்துவிட்டது. கீழே பேஸ்மென்ட் பூச்சு வழவழ என்று இருக்க, அதற்கு மேலே திடீரென்று "கல்" தொடங்கி முதல் மாடியோடு நின்றுவிடுகிறது. அந்தரத்தில் தொங்கும் கல் எதைத் தாங்குகிறது என்று பார்க்கும் யாருக்கும் தோன்றும். இதற்குப் பதில் ஆங்கில 'எல்' வடிவில், ஒரே கல்லில் இரண்டு முகமும் திரும்பும் மூலைத் துண்டுகளை வாங்கி, நீளக் கையை வரிக்கு வரி மாற்றி, தரையிலிருந்தே தொடங்கியிருக்கலாம். செலவு கொஞ்சம் கூடும் என்று கடைக்காரர் சொல்வார், கூடட்டும், மற்ற இடத்தில் சாதாப் பூச்சு போதும். உயரம் போகப் போகப் பசையை மட்டும் நம்பாமல், துருப்பிடிக்காத எஃகுப் பிடி வைக்கச் சொல்ல வேண்டும்.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால், பாரம் தாங்கும் கல்சுவருக்கும் மண்ணைத் தடுக்கும் சுவருக்கும் செதுக்குக்கல் மூலையைத்தான் சொல்வேன், கூலி எவ்வளவு கேட்டாலும். சாதாரணச் சுற்றுச்சுவருக்கு, அடியில் இரண்டடி கல்லோடு செங்கல் மூலை. பில்லர் வேண்டும் என்றால் சுவருக்குப் பிறகு பில்லர். நான்கில் கடைசி இடம் ஒட்டுக்கல்லுக்கு இல்லை, முதலில் வார்த்த பில்லருக்குத்தான். ஒட்டுக்கல் விழுந்தால் பலகை போகும், பில்லரில் பிரிந்து நிற்பது சுவர்.

போன மாசம் நாலாவது மூலையின் அடியைப் பிரித்துக் கல் வைக்கலாம் என்று அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். "செங்கல்லைத் தொட வேண்டாம் சார், மேல் வரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கீழ மட்டும் நாலு கல் போட்டுடலாம்" என்றார். பிறகு, நான் தோட்டத்தில் உட்காருவதற்கென்று போட்டு வைத்திருந்த நீளக் கற்களில் இரண்டைக் கையால் காட்டினார்.