செமியோனா, ஷெனினா?

ஷாப்லி, சான்செர் போன்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின்கள் ட்ரை, அதாவது இனிப்பில்லாதவை. அவற்றில் இனிப்பா இல்லையா என்ற குழப்பமே வராது. ஒரே திராட்சை ட்ரையாகவும் வரும், தேனாகவும் வரும் என்றால்தான் பாட்டில் வாங்கும்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. பிரான்ஸில் போர்தோவின் செமியோனும் லுவார் பள்ளத்தாக்கின் ஷெனின் பிளாங்க்கும் அப்படிப்பட்ட திராட்சைகள். என் சாய்வு ஷெனின் பக்கம், காரணம் புளிப்பு.

செமியோனின் பெருமை போர்தோவின் இனிப்பு ஒயினான சோத்தேர்ன். குளிர்ந்த சிரோன் ஆறு கரோன் ஆற்றில் சேரும் இடத்தில் இலையுதிர்கால விடியலில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் பூஞ்சை மெல்லிய தோல் கொண்ட செமியோனைப் பிடிக்கும். மதிய வெயில் பழத்தை வற்றவைக்கும். வெயில் வராமல் மழை தொடர்ந்தால் அதே பூஞ்சை வெறும் அழுகலாகிவிடும். 2012இல் அங்குள்ள புகழ்பெற்ற பண்ணையான ஷாத்தோ திக்கெம் தன் சோத்தேர்னை வெளியிடாமலே விட்டது. வற்றிய பழத்தை மட்டும் பொறுக்க ஒரே தோட்டத்துக்குப் பலமுறை போக வேண்டும் என்பதால் கூலியும் விலையும் ஏறுகின்றன. கணக்கு எளிது: லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1% ஆல்கஹால். 21% ஆல்கஹால் தரக்கூடிய சாறு 14 சதவீதத்தில் புளிப்பதை நிறுத்திக்கொண்டால், ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரை மிஞ்சும்.

அத்தனை சர்க்கரையைத் தாங்கும் புளிப்பு செமியோனிடம் குறைவு. சோவினியோன் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையைக் கலப்பது பெரும்பாலும் அதை ஈடுகட்டத்தான். ட்ரை செமியோன் வேண்டுமென்றால் போர்தோவின் இன்னொரு பகுதியான பெசாக்-லெயோன்யான் ஒயின்களைப் பாருங்கள். சோத்தேர்ன் தோட்டத்திலேயே ட்ரையாகச் செய்தாலும் லேபிளில் சோத்தேர்ன் என்று போட முடியாது.

ஷெனின் தாமதமாகப் பழுக்கும். சர்க்கரை ஏறிய பிறகும் புளிப்பை விடாது. லுவாரில் ஷெனினுக்குப் பேர்போன வூவ்ரேயில், கூரான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக்காக மாற்றும் இரண்டாம் நொதித்தலையும் பலர் தவிர்க்கிறார்கள். அதனால் லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை இருந்தும் வாயில் திகட்டாது. ஐரோப்பிய விதியே இதை ஒப்புக்கொள்கிறது: லேபிளில் ‘செக்’ (ட்ரை) என்று போட 4 கிராம் வரைதான் அனுமதி, ஆனால் அமிலம் சர்க்கரையைவிட 2 கிராமுக்கு மேல் குறையாதிருந்தால் 9 கிராம் வரை போகலாம். அதற்கு மேலே ‘தெமி-செக்’ (லேசான இனிப்பு), பிறகு 45 கிராம் வரை ‘முவாலோ’ (இனிப்பு), அதையும் தாண்டினால் ‘தூ’ (மிக இனிப்பு). குளிர்ந்த ஆண்டில் தோட்டக்காரர் செக்கும் நுரை ஒயினும் செய்வார். வெயில் நன்றாக அடித்த ஆண்டில் முவாலோவுக்குப் போவார். அந்த வசதி செமியோன்காரருக்குக் குறைவு.

சிக்கல் இல்லாமல் இல்லை. வூவ்ரே லேபிள்கள் சிலவற்றில் செக், தெமி-செக் போன்ற சொல்லே இருக்காது. ஆல்கஹால் அளவைப் பார்க்கலாம்: 11.5% என்றால் சர்க்கரை மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம், 13.5% என்றால் ட்ரை பக்கம். இது குத்துமதிப்புதான், கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். இளம் செக் கரடுமுரடாக, சில சமயம் நனைந்த கம்பளி வாசனையோடு இருக்கும். அரை மணி நேரம் டிகாண்டரில் (காற்றுப் பட வைக்கும் அகன்ற கண்ணாடிக் குடுவை) ஊற்றிவைத்தால் பெரும்பாலும் அடங்கும். கடுமையான சல்ஃபர் (கந்தக) வாசனை என்றால் போகாது.

சேமிப்பிலும் புளிப்பே காக்கிறது. நல்ல ஆண்டின் முவாலோ முப்பது, நாற்பது ஆண்டு தாங்கும். மலிவான வூவ்ரேக்கு இதை நீட்டிப் பேச மாட்டேன். பழைய பாட்டில் எதுவானாலும் அது கிடந்த சூட்டைப் பொறுத்தது. சோத்தேர்னும் நீண்ட ஆயுள் கொண்டதுதான். திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் சோத்தேர்ன் ஒரு வாரம் நிற்கும். வூவ்ரே செக் மூன்று நாள்.

சாப்பாட்டில் சோத்தேர்னுக்கு இடம் குறுகியது: ரோக்ஃபோர் சீஸ், ஃபுவா க்ரா (கொழுத்த வாத்து ஈரல்), பழ டார்ட். அந்த இடத்தில் அதற்கு நிகரில்லை, ஒப்புக்கொள்கிறேன். தெமி-செக் வூவ்ரே வெண்ணெய் சாஸ் ஊற்றிய ஆற்றுமீன், க்ரீமில் செய்த கோழி, சேன்ட்-மோர் ஆட்டுப்பால் சீஸ் என்று சாப்பாடு முழுக்க வரும்.

முதல்முறை வாங்குபவர் சோத்தேர்னை 375 மில்லி அரைப் பாட்டிலாக வாங்கி 10–12 டிகிரியில் ஊற்றட்டும். ஷெனினுக்கு, ஒரே தயாரிப்பாளரின் ஒரே தோட்டத்து செக், தெமி-செக் இரண்டையும் சேர்த்து வாங்குவது நல்லது; ஹுவே பண்ணையின் ‘லெ மோன்’ இரண்டு வடிவிலும் வருகிறது. முதலில் செக்கை ஊற்றுங்கள்.