மலையகப் பீலித் தண்ணீர்ச் சோதனை: எந்த முறை எதற்கு?

குடிதண்ணீரை வெளிக்களத்தில் சோதிக்கும் பெட்டிகள் பெரும்பாலும் வெப்பமான ஊர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. "அறை வெப்பநிலையில் ஒரு நாள் வைக்கவும்" என்று தாளில் எழுதியிருக்கும். யாழ்ப்பாணத்தில் அந்த அறை 30 பாகை செல்சியஸ் இருக்கலாம். இலங்கை மலையகத்தில் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலோ ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். மலக்கிருமி பெருகினால்தான் சோதனை நிறம் மாறும். குளிரில் அது பெருகாது. நிறம் மாறாத போத்தலைப் பார்த்து "தண்ணி நல்லம்" என்று பதிவேட்டில் எழுதிவிடும் ஆபத்து இங்கே அதிகம். அதனால் ஒரு தேயிலைத் தோட்டத்து நீர்க்குழு கருவி வாங்கும்போது விலையைப் பிறகு பார்க்கலாம். மாதிரியை ஒரு நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்க நம்மிடம் என்ன வழி இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

கறுப்புப் போத்தலா, அறைப் பையா?

கறுப்புப் போத்தல் எனப்படும் ஐதரசன் சல்பைட்டுப் போத்தல் மிக மலிவானது. இந்தியாவில் மஞ்சாவும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட முறை இது. போத்தலுக்குள் ஊட்டப்பொருள் தோய்த்து உலர்த்திய தாள் துண்டு இருக்கும். குறியிட்ட 20 மி.லி. மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, மூடி, ஐந்து நிமிடம் விட்டு மெதுவாகக் குலுக்கி, 30 முதல் 37 பாகைச் சூட்டில் வைக்க வேண்டும். மலத்தோடு வரும் பல கிருமிகள் ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும். அது தாளில் உள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. 24 மணித்தியாலத்தில் ஒரு தடவையும் 48இல் ஒரு தடவையும் பாருங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் முடிவு விளங்கும். கறுத்த போத்தலைப் பீலிக்கரையில் (தண்ணீர் பிடிக்கும் குழாயடியில்) நாலு பேருக்குக் காட்டினால், அறிக்கை செய்யாத வேலையை அது செய்யும்.

இந்தப் போத்தலில் இரண்டு குறைகள் உண்டு. 20 மி.லி. என்பது போதாத அளவு. 100 மி.லி.யில் ஐந்து கிருமி இருந்தால் ஒரு போத்தலுக்குச் சராசரியாக ஒன்றுதான் விழும். மூன்று தடவையில் ஒரு தடவைக்கும் மேலாக ஒன்றுகூட விழாமல் போகும். ஆகவே ஒரே பீலியில் ஐந்து போத்தல் நிரப்புங்கள். அப்போதுதான் மொத்தம் 100 மி.லி. ஆகும். ஐந்தில் எத்தனை கறுத்தது என்பதும் ஒரு கணக்கைச் சொல்லும். மற்றக் குறை, மலத்தோடு தொடர்பில்லாத மண் கிருமிகளும் தாளைக் கறுப்பாக்கும் என்பது. இலைச்சருகு அழுகிக் கிடக்கும் மூடாத ஊற்றில் இப்படி நடக்கும். கறுத்தால் "சந்தேகம்" என்று எழுதுங்கள், "மலம் கலந்தது" என்று எழுதாதீர்கள். ஆனால் சூடு சரியாக இருந்து ஐந்து போத்தலும் வெள்ளையாகவே நின்றால் அது நம்பத்தக்க நல்ல செய்தி.

அக்வாஜென்எக்ஸ் என்ற பெயரில் வரும் அறைப் பை, அதாவது உள்ளே ஐந்து அறைகள் உள்ள பை, மலத்தோடு வரும் ஈ.கோலை கிருமியையே குறிவைக்கிறது. இலங்கைத் தர நிர்ணயமான எஸ்.எல்.எஸ். 614 குடிநீரில் 100 மி.லி.க்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக்கூடாது என்று சொல்வதால், அதிகாரியிடம் கொண்டுபோக இந்த முடிவே வலுவானது. 100 மி.லி. மாதிரியில் ஊட்டப்பொருளைப் போட்டு, கரையும் வரை அவ்வப்போது சுழற்றி 15 நிமிடம் அளவில் காத்திருந்து, பையில் ஊற்ற வேண்டும். 10, 30, 56, 3, 1 மி.லி. என ஐந்து அறைகளுக்கு நீர் பிரிய வேண்டும். மட்டம் சரியானதும், அறைகளின் நீர் கலக்காமல் அடைக்கும் பிடிப்பானை மாட்டிவிடலாம். நீலப்பச்சை ஆன அறைகளை அட்டவணையில் பொருத்தினால் 100 மி.லி.க்கு எத்தனை கிருமி என்ற மதிப்பீடு கிடைக்கும். ஐந்தும் நீலப்பச்சை என்றால் 100க்கு மேல்.

இதன் நேரம் சூட்டைப் பொறுத்தது. 35 பாகைக்கு மேல் 20 முதல் 24 மணித்தியாலம். 30 முதல் 35 வரை என்றால் 24 முதல் 30. 25 முதல் 30 வரை என்றால் 40 முதல் 48. 25க்குக் கீழே போனால் முடிவு செல்லாது. பதுளை போன்ற தாழ்ந்த இடத்தில் வெயில் காலப் பகலில் தப்பிக்கலாம். மஸ்கெலியா, நானுஓயா, கந்தப்பளை பக்கம் சூடாக்காமல் இந்தப் பையைத் திறப்பது காசைக் கானில் (வடிகாலில்) போடுவது போல.

சூட்டுக்கு என்ன வழி

மின்சாரம் நிலையாக இருந்தால் சிறிய அடைகாப்புப் பெட்டியே நல்லது. இல்லாவிட்டால், மீன் வியாபாரியிடம் கிடைக்கும் ரெஜிபோம் (சூடு கடத்தாத வெண்ணுரைப் பிளாஸ்டிக்) பெட்டி போதும். கைக்குச் சுடும் வெந்நீர் நிரப்பிய இரண்டு 1.5 லீற்றர் போத்தல்களை ஓரத்தில் வைத்து, மாதிரிகளைத் துவாயில் சுற்றி நடுவில் வைத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியைப் படுக்க வையுங்கள். வெந்நீர்ப் போத்தல் மாதிரியைத் தொடக்கூடாது. 30க்குக் கீழே இறங்கினால் வெந்நீரை மாற்ற வேண்டும். இரவில் ஒருவராவது எழும்பிப் பார்க்க வேண்டிவரும், அதைச் செய்யாவிட்டால் மறுநாள் முடிவை நம்ப முடியாது.

கறுப்புப் போத்தலை சுவெட்டருக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டியும் வைக்கலாம். உடம்புச் சூடு போதும். கூடை சுமந்து கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு இது சரிவராது, வீட்டில் இருப்பவர் கட்டட்டும். அறைப் பையை இப்படிக் கட்டாதீர்கள். பிடிப்பான் நழுவினால் அறைகளின் தண்ணீர் கலந்துவிடும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பதும் வேண்டாம். விறகு எரியும்போது கிருமி செத்துவிடும் அளவுக்குச் சுடும், நடுச்சாமத்தில் குளிர்ந்துவிடும்.

மென்சவ்வுப் பெட்டி

டெல்அகுவா போன்ற பெட்டிகள் 100 மி.லி. நீரை 0.45 மைக்ரோன் சவ்வில் வடித்து, 44 பாகையில் 14 முதல் 18 மணித்தியாலம் வைத்து, மஞ்சள் புள்ளிகளை எண்ணவைக்கும். எண்ணிக்கை என்ற வகையில் இதுதான் துல்லியமானது, ஒரே தடவையில் பல மாதிரி பார்க்கலாம். மின்கலத்தோடு சூடாக்கியும் உள்ளேயே இருப்பதால் குளிர் பெரிய தடையல்ல. பழக்கம்தான் தடை. ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் கிண்ணத்தில் மெதனோல் எரித்து, தீ அணையுமுன் மூடி, உண்டாகும் போமல்டிகைட்டு வாயுவில் 15 நிமிடம் வைக்க வேண்டும். பொறுமையிழந்து ஐந்து நிமிடத்தில் திறந்தால் முதல் பீலியின் கிருமி இரண்டாம் பீலியின் கணக்கில் ஏறும். மழைக்குப் பின் கலங்கிய நீர் சவ்வை அடைக்கும். அப்போது 10 மி.லி. மட்டும் வடித்துப் பத்தால் பெருக்குங்கள். வெளியே எடுத்ததும் எண்ணுங்கள், ஆறினால் மஞ்சள் மங்கிவிடும். பல தோட்டங்களைப் பார்க்கும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பணிமனைக்கோ பிரதேச சபைக்கோ இது தகும். தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசனுக்கு மட்டும் வாங்குவது வீண்.

சவ்வு வைக்கும் தட்டுகளைப் பிரஷர் குக்கரில் சுத்தப்படுத்துவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கடற்கரையில் 121 பாகை தரும் குக்கர் இங்கே 118 பாகை அளவே தரும், நேரத்தைக் கூட்டுங்கள். குடிக்கக் கொதிக்கவைக்கும் தண்ணீருக்கு இந்தக் கவலை வேண்டாம். இங்கே அது 94 பாகை அளவில் கொதித்தாலும் நோய்க்கிருமி சாக அது தாராளம்.

குளோரின் சோதனை கிருமிச் சோதனைக்குப் போட்டியல்ல

தாங்கியில் குளோரின் இடும் தோட்டத்தில் தினமும் செய்ய வேண்டியது, குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. மாத்திரைச் சோதனை. 10 மி.லி. நீரில் ஒரு மாத்திரையைக் கைபடாமல் போட்டு, கரைந்தவுடன் இளஞ்சிவப்பை நிற அட்டையோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் விடை. கடைசி லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பீலியில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மி.கிராம் இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் தரும் ஓ.டி.ஓ. துளி மலிவு. ஆனால் அது அழுக்கோடு பிணைந்து வலுவிழந்த குளோரினையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும், வாங்காதீர்கள். டி.பி.டி.யிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் மிகையாக இருந்தால் சிவப்பு வெளுத்து, "இல்லை" என்று தோன்றும். மணம் அடித்தும் நிறம் வராவிட்டால் கொதித்தாறிய நீரில் பத்து மடங்கு ஐதாக்கித் திரும்பப் பாருங்கள். கலங்கல் 5 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் இருந்தால் குளோரின் கணக்கே தப்பும். முதலில் தெளியவையுங்கள்.

வடிகட்டி விற்பவர்கள் பேனைபோல் நீட்டும் டி.டி.எஸ். மானி கரைந்த உப்பை மட்டும் அளக்கிறது. மலம் கலந்த ஊற்றிலும் அது சிறிய எண்ணையே காட்டும். மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே ஊற்று இருந்தால், உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றை அளக்கும் பட்டைக்குச் செலவிடுங்கள். எல்லை லீற்றருக்கு 50 மி.கிராம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, வற்ற வற்றக் கூடும்.

எங்கே, எப்போது எடுப்பது

ஊற்றுக்கண், தாங்கி, கடைசிப் பீலி, வீட்டுக் குடம் என நான்கு இடத்திலும் ஒரே நாளில் எடுங்கள். ஊற்றில் சுத்தம், கடைசிப் பீலியில் கறுப்பு என்றால் கானுக்குள் ஓடும் கறுப்புக் குழாயின் மூட்டைத் தோண்டிப் பாருங்கள். தண்ணீர் நின்ற நேரத்தில் வெறுங்குழாய் வெளியழுக்கை உறிஞ்சும். குடத்தில் மட்டும் கறுப்பு என்றால் குழாயில் பிழையில்லை. ஊற்றிலேயே கறுப்பு என்றால், மேலே 30 மீற்றருக்குள் கழிப்பிடம், மாட்டுத்தொழுவம், உரக்குவியல் உண்டா என்று நடந்து பாருங்கள். காசில்லாத சோதனை இது, எந்தப் போத்தலுக்கும் முன் செய்ய வேண்டியதும் இதுவே.

ஹற்றன், கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழையின் முதல் கனமழைக்கு மறுநாள் எடுங்கள். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் வடகீழ் மழையின் தொடக்கம். காய்ந்த நிலத்தில் தேங்கிய அழுக்கு முதல் வெள்ளத்தோடுதான் இறங்கும். தெளிந்த மாதத்தில் மட்டும் எடுத்த நல்ல முடிவு ஊற்றின் நல்ல முகத்தை மட்டும் காட்டும்.

பீலி வாயைத் துடைத்து, உலோகம் என்றால் நெருப்பு காட்டி, பிளாஸ்டிக் என்றால் ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். மாதிரிப் போத்தலை அலசாதீர்கள். குளோரினை முறிக்கும் மருந்து உள்ளே இருக்கும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதானால் ஐஸ் பெட்டியில் ஆறு மணித்தியாலத்துக்குள் சேர்ப்பிக்கப் பாருங்கள். மதிய பஸ்ஸைத் தவறவிட்டால் மறுநாள் புதிதாக எடுப்பதே மேல்.

நிறம் மாறிய போத்தலிலும் பையிலும் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். வெளுக்கும் தூளோ குளோரின் மாத்திரையோ போட்டு அரை மணித்தியாலம் வைத்து மலசலகூடத்தில் ஊற்றுங்கள். பீலிக்கரையில் ஊற்ற வேண்டாம்.