கத்திப் பட்டறைக்கு எந்த டூல் ரெஸ்ட்: நிலையானதா, சாய்வதா?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் சிறு பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தேயிலைத் தோட்டங்களுக்கான வளைந்த கவாத்துக் கத்தியும், நேரான முதுகுடைய சமையலறைக் கத்தியும்தான் முக்கிய வேலை. கோத்தர்களின் உலைக்களங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோடருக்கும் படுகருக்கும் இரும்புக் கருவிகள் செய்து தந்த இந்த மலையில், இப்போது 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட பெல்ட் ஓடும் கிரைண்டரையும் வாங்குகிறார்கள். வாங்குபவர் மோட்டாரைப் பற்றி எவ்வளவோ விசாரிக்கிறார்; கத்தியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டைப் பற்றி அநேகமாக விசாரிப்பதே இல்லை. ஆனால் கத்தி நேராக அமைவதும் கோணுவதும் பெரும்பாலும் அந்தத் தட்டைப் பொறுத்தே இருக்கிறது.

பெல்ட்டுக்குச் செங்குத்தாக அசையாமல் நிற்கும் கனத்த தட்டு ஒரு வகை. கீலின் மேல் சாய்ந்து, கோணம் குறித்த அளவுகோலுடன் வருவது இன்னொரு வகை. பார்த்தவுடன் இரண்டாவதே மேலானதாகத் தோன்றும். அது உண்மையா என்பதை, சரிவு எடுக்கும், அதாவது கத்தியின் பக்கங்களை வாயை நோக்கி மெலியும்படி உரசும் கணக்கைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 3 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் 25 மி.மீ. உயரத்துக்குச் சரிவு எடுத்து, பதம் ஏற்றுவதற்கு முன் வாயில் 0.5 மி.மீ. விட்டுவைக்க வேண்டுமானால், ஒரு பக்கத்தில் உரசி எடுக்க வேண்டியது 1.25 மி.மீ. மட்டுமே, அதற்குரிய கோணம் 3 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. அதில் 1 டிகிரி பிசகினால் வாயில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 0.44 மி.மீ. வேறுபடும். விட்டுவைத்த கனத்தில் ஒரு பக்கத்தின் பங்கோ 0.25 மி.மீ.தான் என்பதால், பிசகு அதிகப்படியாக விழுந்தால் உரசல் நடுக்கோட்டையும் தாண்டிப்போய்விடும். 5 டிகிரிக்கு ஒரு கோடு போட்ட அளவுகோல் இந்த வேலைக்கு உதவாது. ஒரே போல்ட்டை இறுக்கி நிறுத்தும் கீலும், கை அழுத்தத்திலும் மோட்டாரின் அதிர்விலும் இத்தனை நுண்ணிய கோணத்தைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை.

நிலையான தட்டை வைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கும் கட்டையையே வேண்டிய கோணத்துக்குச் சீவி, அதைத் தட்டின் மேல் இடவலமாக நகர்த்தினால், கோணம் கட்டையிலேயே நிலைத்துவிடுகிறது. அடுத்த கத்திக்கும் அதே கட்டையை எடுத்தால் போதும். தட்டு செங்குத்தாக நிற்கிறதா என்பதை மூலைமட்டத்தை வைத்து நொடியில் பார்த்துவிடலாம். கத்தியின் உருவத்தைச் சுற்றி உரசுவதற்கும், முதுகையும் பிடிக்குள் போகும் வாலையும் பக்கங்களுக்குச் செங்குத்தாக்குவதற்கும் இந்தத் தட்டையே பயன்படுத்தலாம். உளிக்கு 25 டிகிரி வாய் வைப்பது போன்ற பெரிய கோண வேலை அடிக்கடி வருகிறவருக்குச் சாயும் வகை நிச்சயம் பயன்படும். அவரும் அதில் உள்ள அளவுகோலை நம்பாமல் டிஜிட்டல் கோணமானியை வைத்துப் பார்ப்பது நல்லது.

கட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. அது நேர்கோட்டில் நகர்வதால் சரிவு ஒரே சமதளமாக விழும். முனையை நோக்கி வாய் முதுகுப் பக்கம் 10 மி.மீ. ஏறியிருந்தால், மேலே சொன்ன கோணத்தில் முனையருகே ஒவ்வொரு பக்கமும் 0.5 மி.மீ. கூடுதலாகத் தங்கி, அங்கே வாய் 1.5 மி.மீ. கனமாக நிற்கும். அந்தப் பகுதியை ரெஸ்ட் இல்லாமல் வெறும் கையால்தான் முடிக்க வேண்டும். கையால் மட்டுமே சரிவு எடுக்கும் பழக்கமுள்ளவர்கள் ரெஸ்ட்டே வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் உருவம் உரசும்போது தட்டு இல்லாமல் ஆகாது.

அடுத்து, தட்டின் முன்விளிம்பு. பெல்ட்டைச் சுற்றி மூன்று பக்கமும் வருமாறு வெட்டிய தட்டு கைக்கு நல்ல தாங்கல் தரும். ஆனால் சரிவு தொடங்கும் இடத்தை மழுங்கிய வளைவாக்க, பெல்ட்டை, அதன் பின்னால் தாங்கி நிற்கும் தட்டைப் பாளமான பிளாட்டனின் ஓரத்தைத் தாண்டி 2, 3 மி.மீ. தள்ளி ஓட்டும்போது அதே வெட்டு இடிக்கும். கத்தி வேலைக்கு நேர்விளிம்பே சிறந்தது என்பேன். விளிம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இடைவெளி 2 மி.மீ. அளவில் இருக்கட்டும், அது பெருத்தால் மெல்லிய முனை உள்ளே இழுபடும் ஆபத்து உண்டு. முரட்டு பெல்ட்டைக் கழற்றி நைஸ் பெல்ட்டை மாட்டும்போது கனம் மாறுகிறது. ஆகையால் முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி கண்டிப்பாக வேண்டும். ரெஸ்ட் தனிக் கரத்தில் அமைந்திருந்தால் பிளாட்டனை எடுத்துவிட்டு, பெல்ட் சுற்றி ஓடும் சக்கரம் போடும்போதும் அது பயன்படும்.

உலோகத்தைப் பொறுத்தவரை, அலுமினியத் தட்டு துருப்பிடித்துப் பாழாவதில்லை, ஆனால் உரசல் பொடி அதில் எளிதில் பதிந்து கோடு விழுகிறது. 10 அல்லது 12 மி.மீ. மைல்டு ஸ்டீல் தட்டை, மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் போகும்போது அங்கே மேற்பரப்பைக் கிரைண்டிங் செய்து வாங்கிவந்தால் வெகுகாலம் உழைக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கிழக்குச் சரிவில் இறங்கும் ஈரத்துக்கு அது சீக்கிரம் துருவேறும் என்பதால், வேலை முடிந்ததும் துடைத்து மெழுகு தேய்க்க வேண்டும். மெழுகு தேய்த்த தட்டில் கட்டையும் சிக்காமல் வழுக்கும்.

கவாத்துக் கத்தியின் உள்வளைவுக்கு மேலே சொன்ன இரண்டு வகையுமே நிமிர்ந்த நிலையில் போதாது. சக்கரத்தின் அச்சு கிடையாக இருக்கும்போது, தட்டில் படுத்திருக்கும் கத்தியின் குழிந்த விளிம்பு பெல்ட்டின் இரண்டு ஓரங்களில் மட்டுமே படும். கிரைண்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, சக்கரத்தின் அச்சு செங்குத்தாக நிற்க, அதன் ஓரத்தில் கிடைமட்டமாகத் தட்டை அமைத்தால்தான் வளைவு ஒரே ஓட்டத்தில் அமையும். அந்த நிலையில் பெல்ட் கத்தியைத் தட்டின் மேல் அழுத்தாமல் பக்கவாட்டில் இழுக்கும். ஆகவே பிடி உறுதியாக இருக்க வேண்டும். படுக்க வைத்த நிலையிலும் ரெஸ்ட்டின் கரத்தை மாட்ட இடமிருக்கிறதா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன் தோட்ட வேலை செய்பவர் அவசியம் கேட்க வேண்டும். சாயும் கீலுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையை அந்த வசதிக்குக் கொடுக்கலாம்.