கொள்கலனுக்குள் கொழும்பு நேரம்

அக்காவின் மகன் போன வாரம் மடிக்கணினியோடு வெள்ளவத்தைக்கு வந்தான். பல்கலைக்கழகத்தில் வலைச் செயலி ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். "மாமா, டொக்கரில் போடவா, நேரடியாக நிறுவவா?" என்று கேட்டான். செயலியையும் அதற்கு வேண்டியவற்றையும் கொள்கலன் என்ற தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் மென்பொருள்தான் டொக்கர். 2021 இலிருந்து அந்தக் கொள்கலன்களோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். ஒரு சொல்லில் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பல கொள்கலன்களை ஒன்றாக எழுப்பும் கொம்போஸ் கோப்பை எப்படி எழுதுவது என்று நூறு பேர் எழுதிவிட்டார்கள். விண்டோஸில் டொக்கரின் வட்டுக் கோப்பு வீங்கும், முன்பெல்லாம் உள்ளே எதை அழித்தாலும் தானாகச் சுருங்கியதில்லை என்பதும் தெரிந்த கதை. எனக்குக் கோபம் கடிகாரத்தில்தான்.

தெரிந்த ஆசிரியர் ஒருவரின் தனியார் வகுப்புக்கு வரவும் கட்டணமும் பதிகிற சிறிய செயலி என்னுடையது. முதலில் எல்லாம் மடிக்கணினியில் நேரடியாகவே ஓடியது. பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி எல்லாவற்றையும் அப்போதே ஏற்றிவிட்டேன். பிறகுதான் செயலி ஒரு கொள்கலன், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இன்னொரு கொள்கலன் என்று மாற்றினேன். மாற்றிய முதல் வாரமே, அதிகாலை 2 மணிக்குச் சோதனைக்காகப் போட்ட பற்றுச்சீட்டில் முதல் நாள் திகதி விழுந்தது. கொள்கலனுக்குள் ஓடுவது உலகப் பொது நேரம். கொழும்பு அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே. இங்கே விடியற்காலை ஐந்தரைக்கு முன் எது நடந்தாலும் அங்கே அது நேற்றைய கணக்கு.

கொள்கலனுக்கு அமைப்புகளைச் சொல்லும் சூழல் மாறியில் 'ஏசியா/கொழும்பு' என்று கொடுத்தேன். நேரம் அசையவில்லை. பிழைச் செய்தியாவது வந்ததா, அதுவும் இல்லை. கொள்கலனுக்கு அச்சாகும் படிமத்தை அல்பைன் என்ற மிகச் சிறிய லினக்ஸின் மேல் நானே கட்டியிருந்தேன். அதன் அடிப்படைப் படிமம் பத்து மெகாபைட்டுக்கும் குறைவு என்று பெருமையடித்துத் திரிந்ததும் நானே. அப்படி இளைப்பதற்காகக் கழற்றி வைத்தவற்றில் நேர வலயத் தரவும் ஒன்று. கொழும்பு எங்கே என்று தெரியாமலே, தெரியாது என்றும் சொல்லாமல், உலக நேரத்தையே கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தரவுப் பொதியைச் சேர்க்க ஒரே ஒரு வரி போதும். அன்று அது தெரியாததால் ஐந்தரை மணி நேரத்தை நிரலில் நானே கூட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஆசிரியர் அழைத்தார். "தம்பி, உயர்தரப் பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்தநாள் ஒரு நாள் முந்தி வருகிறதே!" பார்த்தால் தரம் 9 பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும் பிழை. மூன்று இரவு தரவுத்தளத்தைக் குடைந்தேன். கடைசியில் வழிகாட்டியது எந்தக் கையேடும் இல்லை, அம்மா. "அந்தக் காலத்தில் மணிக்கூட்டை மாற்றி வைத்திருந்தார்களே. அக்காவின் மகனுக்குச் சாதகம் எழுதும்போது சாத்திரியார் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டாரே."

1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின் போது, இலங்கை ஒரு மணி நேரம் முன்னே போனது. ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வந்தது. அந்த ஆறு மணி நேர வித்தியாசம் 2006 ஏப்ரல் வரை இருந்தது. மடிக்கணினிக்கு இந்த வரலாறு தெரியும். பிறந்த திகதியை அந்நாளின் நள்ளிரவாக எடுத்து, 2003 இல் பிறந்த பிள்ளைக்கு அதிலிருந்து ஆறு மணி நேரத்தைக் குறைத்தே உலக நேரமாகச் சேமித்திருந்தது. நான் ஐந்தரையைக் கூட்டியதும் அது முதல் நாள் இரவு பதினொன்றரை ஆகிவிட்டது.

பிழை என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். வாடகைக்கு எடுத்த சேவையகமும் உலக நேரத்தில்தான் ஓடுகிறது. நேரடி நிறுவலோடு இருந்திருந்தால் அங்கே போய்த்தான் வெடித்திருக்கும். போன மாதம் வட்டு செத்து, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் புதியது போட்டு வந்த அன்று, நிரலை இறக்கி ஒரே கட்டளை கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதே போஸ்ட்கிரெஸ் பதிப்போடு எல்லாம் எழுந்து நின்றது. தரவு மட்டும் பென் டிரைவில் இருந்த பிரதியிலிருந்து வந்தது. முன்பானால் இதற்கே அரை வாரம் போகும்.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொன்னேன். "அப்படியென்றால் உங்கள் செயலியில் என் பிறந்த திகதியைப் போட்டுக் காட்டுங்கள் மாமா" என்றான். போட்டேன். சரியாகவே வந்தது.

"சரி, நான் எதில் போடட்டும்?"

"நேரடியாக நிறுவு" என்றேன்.