இந்திரா நகர் மாடியில் ஒரு ஸ்பானிஷ் வகுப்பு

சென்னை ஓஎம்ஆரில் வேலை, கிளையன்ட் மெக்சிகோவில். மெயில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடிவிடும். ஃபோன் காலில் அவர்கள் தங்களுக்குள் ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தால்தான் திண்டாட்டம். இதற்காக முதலில் நகரத்தின் நடுவில் பெரிய போர்டு வைத்த ஓர் இடத்தில் சேர்ந்தேன். அங்கே வினைத்திரிபு அட்டவணைதான் பாடமே. ஒரு வினைக்கு ஆறு வடிவம், அதுவும் -ஆர், -ஏர், -ஈர் என்று முடியும் மூன்று வகைக்கும். எல்லாம் ஒப்பித்த பிறகும் 'நான் போக வேண்டும்' என்று ஒரு வரி சொல்ல வராது.

இந்திரா நகரில் ஒரு வீட்டு மாடியில், சனிக்கிழமை காலையில் நடக்கும் இந்தத் தொடக்கநிலை வகுப்பு நேர் எதிர். டீச்சர் நம் ஊர்க்காரர், விளக்குவது தமிழில். முதல் வகுப்பிலேயே இரண்டு கட்டு அட்டைகளை மேஜையில் கொட்டினார். கொமேர் (சாப்பிட), இர் (போக), தோர்மீர் (தூங்க) என்று அகராதியில் இருக்கும் வடிவங்கள் ஒரு கட்டு, எல்லாம் லேமினேட் செய்தவை. கியெரோ (எனக்கு வேண்டும்), புவேதோ (என்னால் முடியும்), தெங்கோ (என்னிடம் இருக்கிறது), 'போய்' (ஸ்பானிஷில் 'போகிறேன்') என்பவை சாதாரணத் தாளில், பென்சிலில். 'எனக்கு வேண்டும்' என்பதை 'உனக்கு வேண்டும்' ஆக்கச் சொன்னால் கியெரோவை அழித்து கியெரெஸ் என்று எழுதிக்கொள்ளலாம். பின்னால் வரும் கொமேரில் கைவைக்கப் போனால் பென்சில் வழுக்கும். 'கியெரோ கோமோ' என்று இரண்டு வினையையும் திரிக்கும் பழக்கம் அங்கேயே போய்விடுகிறது.

மூன்றாவதாகச் சின்னச் சிவப்புத் துண்டுகள்: கே, ஆ. தெங்கோவுக்கும் இர்ருக்கும் நடுவே 'கே' இல்லாவிட்டால் 'போக வேண்டும்' ஆகாது. 'போய்' அட்டை வந்தால் அதன் பின்னால் 'ஆ' வேண்டும். கியெரோ, புவேதோ பக்கத்தில் சிவப்பே கூடாது. ஆங்கிலம் வழியாக யோசிக்கிறவர்கள்தான் அங்கே தேவையில்லாமல் ஓர் 'ஆ'வைச் செருகுகிறார்கள்.

நமக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு என்பது டீச்சரின் கட்சி, எனக்கும் சரியென்றே படுகிறது. பள்ளியில் படித்த 'செய என்னும் வாய்பாட்டு எச்சம்' நினைவிருக்கிறதா? சாப்பிடப் போகிறேன், போய் ஆ கொமேர்: நாமும் 'போ'வை வைத்துத்தான் நாளைய வேலையைச் சொல்கிறோம், அவர்களும் அப்படியே. 'மே குஸ்தா லெயேர்' இன்னும் சுலபம். எனக்குப் படிக்கப் பிடிக்கும். அந்த 'எனக்கு' தமிழில் முதலிலேயே உட்கார்ந்திருப்பதால் 'நான்' என்று தொடங்கி 'யோ குஸ்தோ' என்று உளற வாய்ப்பே இல்லை. படிக்கவும் பாடவும் பிடிக்கும் என்றாலும் குஸ்தா குஸ்தாவாகவே நிற்கும் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டார்.

பலன்? நாளைக்கு ரிப்போர்ட் அனுப்புகிறேன் என்பதை 'போய் ஆ என்பியார் எல் ரெபோர்தே மன்யானா' என்று ஃபோன் காலில் சொன்னேன். எதிர்முனையில் 'பெர்ஃபெக்தோ' என்று பதில் வந்தது, அவ்வளவுதான். யாரும் திரும்பக் கேட்கவில்லை.

குறைகள் உண்டு. 'அகாபோ தே என்பியார்' என்றால் இப்போதுதான் அனுப்பினேன் என்று பொருள். ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்து தடவை தேவைப்படுகிற வாக்கியம். அதைக் கடைசி வகுப்பின் கடைசி நிமிடங்களில் அவசரமாகத் தள்ளிவிட்டார். பாதிப் பேர் அதை 'அனுப்பி முடித்துவிட்டேன்' என்றே எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுப்பாடம் திருத்தி வருவதற்குள் அடுத்த பாடம் பாதி தாண்டியிருக்கும். ஏசி பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸின் டெலே ஏ1 என்ற தொடக்கநிலை ஸ்பானிஷ் தேர்வை எழுதும் எண்ணத்தில் வருகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். அந்தத் தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது நான்கும் உண்டு. இங்கே எழுதும் பயிற்சி மிகக் குறைவு. பேச வாய் திறந்தால் போதும் என்பவர்களுக்கு 9,000 ரூபாய் கட்டணம் நியாயம்தான். தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை, பறக்கும் ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். ரப்பர் கையோடு கொண்டுபோங்கள், அங்கே இருப்பது தாளைக் கிழிக்கிறது.