இரட்டைப் பிரஜாவுரிமை வாங்கித் தருகிறோம் என்றார்கள்: போனது 4,85,000 ரூபா, கூடவே தாத்தாவின் பாஸ்போர்ட்

நேற்று மத்தியானம்தான் ஏமாந்துவிட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் கேஸ் போடுவோம் என்று மிரட்டியிருப்பதால் பெயர் எழுதவில்லை. ஹட்டன் பக்கத்து டவுன் ஒன்றில், நகைக்கடைக்கு மேல்மாடியில், வெளிநாட்டு ஆலோசனை என்று போர்டு போட்ட இடம். கண்ணாடிக் கதவு, சுவரில் கனடாக் கொடி, ஏசி வேறு. நம்ம ஊர்க் குளிரில் ஏசி எதற்கு என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம்.

பணம் 4 இலட்சத்து 85 ஆயிரம். அம்மா 30 வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்துச் சேர்த்த ஈபிஎஃப் காசு பாதி, மனைவியின் சங்கிலியை அடகு வைத்தது மீதி. இப்படி மாட்டாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தாத்தா 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்கில் விழுந்தவர். 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று இலங்கையும் இந்தியாவும் தோட்டத்து ஆட்களைப் பிரித்தார்களே, அந்தக் கணக்கு. பாஸ்போர்ட்டும் வந்தது. பாட்டிக்குச் சுகமில்லை, அத்தைக்குக் கல்யாணம் என்று பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் நின்றதும் அந்தப் பேச்சும் நின்றுபோனது. 2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்த பிறகுதான் இலங்கைப் பிரஜையானார். இங்கேயேதான் செத்தார். அந்தப் பாஸ்போர்ட் மட்டும் தகரப் பெட்டியில், அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில் கிடந்தது.

நான் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறவன். ஊரில் உள்ளவர்களின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் நாள் பூராவும் ஃபோட்டோ கொப்பி அடித்துக் கொடுக்கிறவன். ஒரிஜினலை மறக்காம எடுத்துட்டுப் போங்க அக்கா என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறவன். நானே ஒரிஜினலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏன் கொடுத்தேன் என்றால், அந்த மேல்மாடி ஆள் அதை வாங்கிய விதம். பொலித்தீன் பையைப் பிரித்து, இரண்டு கையாலும் எடுத்து, தாத்தாவின் ஃபோட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க தாத்தாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு தம்பி. நானும் தோட்ட லயத்துல பொறந்தவன்தான்" என்றார். அப்புறம், "தாத்தா இந்தியப் பிரஜைன்னா பேரனுக்கும் உரிமை இருக்கு. இலங்கைப் பாஸ்போர்ட் உங்க கையில அப்படியே இருக்கும், இந்தியப் பாஸ்போர்ட்டும் வரும். எந்த நாட்டுக்குக் கோட்டா இருக்கோ அந்த புக்ல கனடாவுக்குப் போட்டுடலாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மேசையிலேயே 85,000 கட்டினேன். அடுத்த மாதம் 2 இலட்சம், அதற்கடுத்த மாதம் இன்னொரு 2 இலட்சம்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். சேர் மீட்டிங்ல இருக்கார். ஃபைல் கொழும்புக்குப் போயிருக்கு. தீபாவளி முடியட்டும். சிஸ்டம் டவுன். பொங்கல் முடியட்டும். வரவேற்பில் இருக்கும் பிள்ளை என் குரலைக் கேட்டதுமே, நான் கேட்பதற்கு முன்னால், "சேர் இல்ல அண்ணே" என்று சொல்லப் பழகிவிட்டது. வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. போன வாரம் நேரே போய் உட்கார்ந்தபோது ஒரு தாளை நீட்டினார்கள். ஓசிஐ, அதாவது வெளிநாட்டு இந்தியப் பிரஜை அட்டைக்கான விண்ணப்பத்தின் முதல் பக்கம், அதுவும் பாதிதான் நிரப்பியது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தேன். இந்தியாவில் இரட்டைப் பிரஜாவுரிமையே கிடையாது. வேறு நாட்டுப் பிரஜாவுரிமையை விரும்பி எடுத்தவர் இந்தியப் பிரஜை இல்லை என்று அவர்களின் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையே சொல்கிறது. ஓசிஐ என்பது பெயரில்தான் பிரஜை, காரியத்தில் ஆயுள்கால விசா. வாக்குரிமை இல்லை, விவசாயக் காணி வாங்க முடியாது, இந்தியப் பாஸ்போர்ட்டும் வராது. வெளிநாட்டில் இருந்து அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் 275 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 82,500. என்னிடம் வாங்கியது 4,85,000! அப்புறம் அந்தக் கனடாக் கோட்டா: கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் நாட்டுக்கு நாடு கோட்டா என்று ஒன்றுமே இல்லை. வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம், இதற்குத்தான் புள்ளி. எந்த நிறப் பாஸ்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை.

வயிறு எரிவது இதற்குத்தான். 1950க்குப் பிறகு இந்தியப் பிரஜையாக இருந்தவரின் பேரன் என்று காட்டினால் ஓசிஐக்கு நானே விண்ணப்பித்திருக்கலாம். அதைக் காட்ட வேண்டிய புத்தகம் இப்போது அவர்களிடம். நேற்றுக் கேட்டதற்கு, "அப்படி எதையும் நாங்க வாங்கவே இல்லையே, ரசீதுல இருக்கா பாருங்க" என்றார் அதே ஆள். அன்றைக்குத் தாத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆள். ரசீதில் பணம் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் கீழே பொடி இங்கிலீஷில், ஆலோசனைக் கட்டணம் திருப்பித் தரப்படாது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன், எழுத மனம் இல்லை. ஒரிஜினல் எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் என்ன கொடுத்தீர்கள் என்று எழுதி முத்திரையோடு வாங்குங்கள். வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தால் இலங்கையுடையது போய்விடும், இரண்டும் வேண்டுமென்றால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் தனியாக விண்ணப்பித்து அனுமதி எடுக்க வேண்டும். மேல்மாடிக்காரன் யாரும் அதைக் கொடுக்க முடியாது. அவ்வளவுதான் இப்போதைக்கு.

அம்மாவிடம் பணம் போனதைச் சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தால் தெரிந்துவிடும். திங்கட்கிழமை பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். அதே நகைக்கடைப் படியில் ஏறிப் பணம் கட்டியவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், ஒன்றாகப் போவோம். தனியாகப் போனால் இந்த 4,85,000க்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.