லண்டன் கால்வாய் மியூசியம்: ஐஸ் கிணறும் அரைப் படகும்

லாரி ஓட்டிப் பிழைக்கிறவன் லீவு நாளிலும் சரக்குப் போக்குவரத்தைத்தான் பார்க்கப் போவானா என்று வீட்டில் ஒரே கேலி. கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நியூ வார்ஃப் ரோட்டில் இருக்கிறது இந்த மியூசியம். சின்ன இடம்தான், ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். எனக்கும் என் ஒன்பது வயது மகளுக்கும் மூன்று மணி நேரம் ஆனது.

முதலில் அவளைப் பிடித்து நிறுத்தியது கிணறு. கார்லோ காட்டி என்ற ஐஸ்கிரீம் வியாபாரி 1860களில் கட்டிய ஐஸ் கிடங்குதான் இந்த மியூசியக் கட்டடம். நார்வேயில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் லண்டனின் துறைமுகப் பகுதியான லைம்ஹவுஸ் வரை வரும். அங்கிருந்து ரீஜென்ட்ஸ் கால்வாய் வழியே படகில் வந்து இந்தக் கிணற்றுக்குள் இறங்கும். எட்டிப் பார்த்தால் செங்கல் சுவர் வட்டமாகக் கீழே போகிறது. "உருகிடாதாப்பா?" என்றாள். உருகும்தான். ஆனால் மண்ணுக்கு அடியில், இடைவெளி இல்லாமல் மொத்தமாகக் குவித்து வைத்தால் மெதுவாகத்தான் உருகும். பிற்பாடு இங்கே வண்டிக் குதிரைகளையும் கட்டியிருக்கிறார்கள், அதுவும் மாடியில்! அவை ஏறிப்போன சரிவுப் பாதையும் இருக்கிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது 'கொரோனிஸ்' படகு. பாதிதான் இருக்கிறது, ஆனால் அதன் கேபினுக்குள் போய் உட்காரலாம். லாரி கேபினில் எத்தனையோ இரவு தூங்கியவன் நான், இடம் போதவில்லை என்று புலம்பியும் இருக்கிறேன். இந்த மாதிரிப் படகுகளின் மொத்த அகலமே 7 அடி. அதற்குள் அடுப்பு, பெஞ்சு, மடித்து இறக்கினால் கட்டிலாகிற அலமாரி. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்திருக்கிறார்கள். இனி நான் வாயைத் திறக்கக் கூடாது.

கரையில் நடந்தபடியே ஒற்றைக் குதிரை, தண்ணீரில் மிதக்கும் படகில் 30 டன் வரை இழுக்குமாம். என் தொழிலில் இருப்பவனுக்கு அது சாதாரணக் கணக்கு இல்லை. ஆனால் பக்கத்தில் இந்தக் கால்வாய் புகுந்து போகும் இஸ்லிங்டன் சுரங்கத்தில், கிட்டத்தட்ட 880 மீட்டருக்கு, கரையில் நடைபாதையே கிடையாது. 1820இல் கால்வாய் திறந்த புதிதில், குதிரையை மேட்டு வழியாக ஓட்டிப்போய்விட்டு, ஆட்கள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தியிருக்கிறார்கள்.

சில நாட்களில் அந்தச் சுரங்கத்துக்குள் படகிலேயே கூட்டிப்போகிறார்கள். நான் தேதி பார்க்காமல் கிளம்பிவிட்டேன். அந்தக் கோபம் மகளுக்கு இன்னும் தீரவில்லை. நீங்கள் பார்த்துவிட்டுப் போங்கள்.